புதன்கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது?

குடியிருப்புப் பகுதியில் பொதுத் தோட்டம் போடப்போகிறோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதல் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வருவார்கள். மண்வெட்டி போதாது, நிற்க இடமிருக்காது. மூன்றாவது மாதத்தில் ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். புதன்கிழமை காலை யாருமே இருக்கமாட்டார்கள். செடி வாடுவது அந்தப் புதன்கிழமையில்தான்.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பூங்காவின் ஒரு மூலையிலோ, மனைப்பிரிவின் பொது இடத்திலோ தோட்டம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆள் சேர்ப்பதில் சிரமம் எதுவும் இல்லை, வருகிறவர்கள் மனதார வருகிறார்கள். அவர்கள் வராத ஆறு நாளும் தோட்டம் தாக்குப்பிடிக்கும்படி ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளும் அப்படித்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபின் தோட்டத்து மண்ணில் ஏதாவது ஒன்று கூடியிருக்க வேண்டும். ஓர் உரக்குவியல், ஒரு பாத்தி நாற்று, பாத்தி மண்ணின் மேல் பரப்ப ஒரு மூட்டைச் சருகு மூடாக்கு, எதுவானாலும் சரி. பேச்சு மட்டும் நடந்த வகுப்பு தோட்டத்துக்கு உதவாது.

இடத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைப்பிரிவாக்கினால் அதில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தாக வேண்டும். நகர் நலச் சங்கம் "நம்ம இடம்" என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மாநகராட்சி இடமாகத்தான் இருக்கும். வாய்வழி அனுமதியை நம்பி இறங்கினால் அதிகாரி மாறும்போது தோட்டமும் போய்விடும். கடிதத்தில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பூங்காக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்க, சருகு உரக்குவியல் வைக்க, நிரந்தரக் கட்டுமானம் இல்லாமல் பாத்தி அமைக்க. பாத்திக்குச் சுற்றுச்சுவர் போலச் சிமென்ட் பூசிவிட்டால் அதையே காரணம் காட்டி இடிப்பார்கள். செங்கல்லைப் பூச்சில்லாமல் அடுக்கினால் போதும்.

மண்ணும் பாத்தியும்

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல். மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களி. வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். பூங்கா என்றால் எந்தப் பகுதியானாலும் மேல் ஓர் அடியில் கட்டட இடிபாடு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் தரைமட்டத்தில் பாத்தி போடவே கூடாது. ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். முக்கால் அடி உயர்த்திய பாத்திதான் வழி.

பாத்தி அகலம் 3 அடி, நீளம் 10 அடி. மூன்றடி என்றால் எந்தப் பக்கம் குத்தவைத்தாலும் நடுப்பகுதிக்குக் கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டியிருக்காது. பிள்ளைகள் அதிகம் வரும் தோட்டத்தில் இரண்டரை அடியாகக் குறைத்துவிடுங்கள். எட்டாத இடத்தில் களை இருந்தால் பிள்ளைகள் பாத்தியில் ஏறி நின்றுதான் பிடுங்குவார்கள். மிதித்து இறுகிய மண்ணில் கீரை விதை போட்டால் காலடி பட்ட இடமெல்லாம் சொட்டையாக இருக்கும்.

முக்கால் அடி உயரத்தில் ஒரு பாத்திக்கு இருபத்திரண்டரை கன அடி மண் பிடிக்கும். பன்னிரண்டு பாத்தி உள்ள தோட்டம் என்றால் 270 கன அடி. செம்மண் லாரிக்காரரிடம் யூனிட் கணக்கில் பேச வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி. இரண்டு யூனிட் செம்மண், மீதி 70 கன அடி மக்கிய உரம் என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். லாரி வந்ததும் கொட்டச் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் ஏறி நாலு இடத்தில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பாக, சின்ன நெல்லிக்காய்போல் முடிச்சுகள் தட்டுப்பட்டால் அது கோரைக் கிழங்கு. அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கோரை ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வருகிற தன்னார்வலர்களின் உழைப்பில் பாதியை அதுவே தின்றுவிடும். மேலே பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் தங்கி மறு வாரமே இரண்டாகத் தழைக்கும். களைக்கொத்தின் முனையை ஒரு சாண் ஆழம் இறக்கி, கிழங்கோடு நெம்பித்தான் எடுக்க வேண்டும். களை எடுக்க வரும் புதியவருக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

தண்ணீர்க் கணக்கு

கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர் நீரை இழக்கும். 3க்கு 10 அடிப் பாத்திக்கு அது கிட்டத்தட்ட 20 லிட்டர். மார்கழி, தையில் பாதி போதும். பன்னிரண்டு பாத்திக்கு 240 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பூவாளியில் 24 நடை. குழாய் 20 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வரும் தூரம் மட்டும் ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம். அதில் பாதி, பத்துக் கிலோ சுமையோடு. வார நாளில் இதைச் செய்ய முன்வருகிறவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற பெரியவராகத்தான் இருப்பார். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டாமல் "காலையில கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க சார்" என்று சொல்லுவது நியாயமில்லை.

முதல் மாதச் செலவில் முக்கால் அங்குல ஹோஸ் 30 மீட்டரும், முனையில் மாட்டப் பூவாளித் தலையும் வாங்கிவிடுங்கள். பாத்திக்கு இரண்டு மூன்று அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். மூடாக்குப் போட்ட பாத்திக்கு, உச்சிக் கோடை தவிர மற்ற மாதங்களில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும். தண்டை ஒட்டி மட்டும் மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். சருகு தண்டைத் தொட்டுக்கொண்டு ஈரமாக இருந்தால் தக்காளியும் கத்தரியும் அடித்தண்டில் அழுகும்.

அடுத்தது டிரம் சொட்டுநீர். தன்னார்வலர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் தோட்டத்துக்கு உடனே பலன் தருவது இதுதான், தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். நாலு பாத்திக்கு ஒரு 200 லிட்டர் டிரம். டிரம்மின் அடி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். 16 மி.மீ. கறுப்புக் குழாய் பாத்திக்கு இரண்டு வரிசை, அடிக்கு ஒரு சொட்டுவான், அதாவது தண்ணீர் சொட்டும் சின்ன முனை. பாத்திக்கு 20, மொத்தம் 80.

கடையில் "மணிக்கு 4 லிட்டர்" என்று சொல்லித் தருவார்கள். அந்த 4 லிட்டர் 1 பார் அழுத்தத்தில் அளந்தது. மூன்றடி உயர டிரம்மில் நிறைந்திருக்கும்போதே 0.18 பார்தான் கிடைக்கும், வற்றும்போது 0.09. சொட்டுவது மணிக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் லிட்டர் வரைதான். அதாவது நாலு பாத்திக்கும் சேர்த்து 80 லிட்டர் பாய முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், டிரம் இரண்டரை நாள் தாங்கும். ஞாயிறும் புதனும் நிரப்பினால் வாரத்தில் ஐந்து நாள் ஓடிவிடும். மீதிக்குத்தான் ஆள் வேண்டும்.

அழுத்தம் சரிசெய்யும் வகைச் சொட்டுவான் விலை கூடியது, பார்க்க உயர்ந்தது, டிரம்முக்கு உதவாது. அரை பாராவது இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண வகையைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி டைமரிலும் இதே சிக்கல். மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு உள்ள டைமர் டிரம் அழுத்தத்தில் திறக்காது, பந்து வால்வு உள்ளது திறக்கும். டிரம்மிலிருந்து வரும் குழாயில் 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். வரிசை முனையின் மூடியை மாதம் ஒருமுறை கழற்றி ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். கடலோரப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு படிந்து சொட்டுவான் வாயில் வெள்ளையாகக் கட்டும். கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். நீரில் கரைந்த உப்பை அளக்க ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வையுங்கள். 2000க்கு மேல் காட்டினால் பீன்ஸ், அவரை வகையறாவின் இலை ஓரம் கருகும். பாலக் கீரையும் பீட்ரூட்டும் தாங்கும். அந்த நீருக்கு அதற்கேற்ற பயிர்தான் போட வேண்டும், உரம் போட்டு ஈடுகட்ட முடியாது.

நிரம்பிய டிரம் 200 கிலோ. பூச்சில்லாமல் அடுக்கிய செங்கல் மேல் வைக்காதீர்கள். பிள்ளைகள் எட்டிப் பிடித்துத் தொங்கினால் சரிந்துவிடும். இரும்புத் தாங்கி, அல்லது சமதரையில் சிமென்ட் கலவை வைத்துக் கட்டிய சாலிட் பிளாக். கட்டுமானம் கூடாது என்ற இடத்தில் தாங்கிதான். வாயை நைலான் வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பத்து நாளுக்குள் கொசு பறக்கும். மூடாத டிரம்மை மாநகராட்சி ஊழியர் கவிழ்த்துவிட்டுப் போனால் தவறு நம்முடையது.

உரக்குவியல்

எல்லாப் பயிற்சியிலும் நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்கு. மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம், நல்ல மக்கு உரத்தை வாங்கிக் கட்டுப்படியாகாது. சருகோ தெருவில் கிடக்கிறது. குப்பையை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துவிட்டன, இருந்தும் காலை ஆறு மணிக்குப் பல தெருக்களில் புகை எழுகிறது. தூய்மைப் பணியாளர்களுக்கும் வேறு வழி இல்லை, பெருக்கியதை எங்கே கொண்டுபோவார்கள்? பத்துக் காலிச் சாக்கைக் கையில் கொடுத்து, "அக்கா, சருகைத் தனியா மூட்டை கட்டி கேட் கிட்ட வச்சிடுங்க, நாங்க எடுத்துக்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு எட்டு மூட்டை நிச்சயம். முதல் கீரைக் கட்டு அந்த அக்காவுக்குப் போக வேண்டும்.

கோழி வலையில் நாலடிக்கு நாலடி, நாலடி உயரத்தில் ஒரு கூண்டு. மூன்றடிக்குக் கீழ் போனால் உள்ளே சூடு நிற்காது. அடியில் குச்சியும் தென்னை மட்டையும் அரை அடி. அதன்மேல் மூன்று மூட்டைச் சருகுக்கு ஒரு மூட்டைப் பச்சை: காய்கறித் தோல், வெட்டிய புல், கோயில் பூ. ஒவ்வொரு அடுக்குக்கும் சாணிக் கரைசல் தெளிக்க வேண்டும், ஐம்பது லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ பசுஞ்சாணி. சாணி கிடைக்காவிட்டால் பழைய உரக்குவியலிலிருந்து இரண்டு சட்டி மக்கு போதும். ஈரத்துக்கு அளவு: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு.

கோயில் பூவை அப்படியே போடக் கூடாது. மாலை நைலான் நூலில் கட்டியதா, வாழை நாரில் கட்டியதா என்று பார்க்க வேண்டும். நைலான் மக்காது, ஆறு மாதம் கழித்துக் களைக்கொத்தில் சுற்றிக்கொண்டு வரும். மாலையைப் பிரித்து நூலை உருவும் வேலை குனிய முடியாத பெரியவர்களுக்கு ஏற்றது. நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம், மல்லிகை வாசனையோடு பேச்சும் ஓடும். மா, பலா இலை தோல்போல் தடித்தவை, முழுசாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போல் கிடக்கும். அரிவாளால் நறுக்கியோ காலால் மிதித்து நொறுக்கியோ போடுங்கள். தூங்குமூஞ்சி, புங்கன் சருகு நன்றாக மக்கும். தைல மர இலை வேண்டாம்.

குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். மூன்றாம் நாள் அதை உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக அமைந்த குவியலில் ஐந்தாறு நொடிக்கு மேல் பிடிக்க முடியாது, 55 முதல் 65 டிகிரி வரை இருக்கும். கம்பியில் படிந்த ஈரத்திலிருந்து ஆவி எழும். காட்டு மண் வாசனையும் புளித்த வாசனையும் கலந்து வரும். நுண்ணுயிர் என்று எத்தனை தடவை வாயால் சொன்னாலும் நம்பாதவர்கள் அந்தக் கம்பியைத் தொட்டதும் நம்புகிறார்கள். அதற்குப்பின் அவர்கள் வீட்டுக் காய்கறித் தோல் தானாக வந்து சேரும்.

பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, வெளியே இருப்பதை உள்ளே தள்ளினால் அறுபது நாளில் மக்கு தயார். ஒரே வகுப்பில் அறுபது நாளைக் காட்டுவதற்கு ஒரே வழிதான்: வெவ்வேறு வயதில் மூன்று குவியல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் போடுவது ஒன்று, சூட்டில் இருப்பது ஒன்று, சலிக்கத் தயாரானது ஒன்று. வந்தவர்கள் ஒன்றை அடுக்கி, ஒன்றைக் கிளறி, மூன்றாவதைக் கட்டட மணல் சல்லடையில் சலித்துப் பாத்தியில் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர். தோட்டத்துக்கு அந்த மாத வேலை முடிந்தது.

கெட்டுப்போவதற்கு அறிகுறிகள் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை, கிளறிச் சருகு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் நவச்சார நெடி வந்தால் பச்சை அதிகம். சூடே ஏறவில்லை என்றால் காய்ந்திருக்கிறது அல்லது குவியல் சிறியது. பெருச்சாளி வளை தெரிந்தால் யாரோ சமைத்த சோறு, மீன் முள் போட்டிருக்கிறார்கள். பெயர் கேட்டு அலையாதீர்கள், கூண்டின் மேல் "பச்சைக் காய்கறி மட்டும்" என்று பலகை மாட்டி, அடியில் வலையை இரண்டு மடங்காக்குங்கள்.

புழுக்களில் இரண்டைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழுப்பாக, தட்டையாக, கட்டம் கட்டமான உடலோடு கூட்டமாக நெளிபவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். அருவருப்பாக இருக்கும், ஆனால் ஈரக் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், விட்டுவிடுங்கள். வெள்ளையாக, கட்டைவிரல் பருமனில், சுருண்டு படுத்துக்கொண்டு தலை மட்டும் செம்பழுப்பாக இருப்பது காண்டாமிருக வண்டின் புழு. பக்கத்தில் தென்னை உள்ள தோட்டத்தில் அதைப் பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும். வளர்ந்ததும் தென்னங்குருத்தைக் குடையும். சலிக்கும் வேலையில் பிள்ளைகளை விட்டால் ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

விதைப்பும் பட்டமும்

கீரைப் பாத்தியில் தொடங்குங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். விதைத்தவர் ஊக்கம் குறைவதற்குள் அறுவடை. ஒரு பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விதை, பத்து மடங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். விதையை மட்டும் கையில் கொடுத்தால் முதல் இரண்டடியிலேயே தீர்ந்துவிடும். தூவியபின் விரலால் லேசாகக் கீறி, சலித்த மக்கு ஒரு மெல்லிய படலம். சுற்றிலும் கொஞ்சம் நொய் தூவினால் எறும்பு விதையை விட்டுவிட்டு அதை இழுத்துப் போகும். மேலே தென்னை ஓலை மூன்று நாள். முளை தெரிந்த அன்றே ஓலையை எடுக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டு சாயும். வார நாளில் வருகிறவருக்கு இதை எழுதிக் கொடுங்கள், அவர் ஞாயிறு வரை காத்திருந்தால் பாத்தி போனதுதான். ஹோஸை நேராகப் பிடிக்காமல் பூவாளித் தலையோடுதான் தெளிக்க வேண்டும். நேராகப் பீய்ச்சினால் விதை ஒரு மூலைக்கு ஓடி, அங்கே மட்டும் பாய் விரித்தாற்போல் முளைக்கும்.

பழைய விதையா என்ற சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வையுங்கள். ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம், ஐந்து என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள், மூன்று என்றால் பறவைக்குப் போடலாம்.

குழித்தட்டில் கத்தரி, தக்காளி நாற்று வளர்ப்பது ஆசையான வகுப்பு. எல்லோரும் கேட்பார்கள். ஆனால் 98 குழித் தட்டு வெயிலில் ஒரு வேளை தண்ணீர் தவறினால் முடிந்தது, நாளுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஆகவே தட்டைத் தோட்டத்தில் வைக்காமல் ஆளுக்கு ஒன்றாக வீட்டுப் பால்கனிக்குக் கொடுத்தனுப்புங்கள். இருபத்தைந்து முப்பது நாள் கழித்து நாற்றோடு வருவார்கள். பாதி அவர்களுக்கு, பாதி தோட்டத்துக்கு. தென்னை நார்க்கழிவை முதலில் இரண்டு தடவை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கும்.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறினால் பாடுபட்டது வீண். பந்தல் அவரையைச் சித்திரையில் ஊன்றினால் கொடி மட்டும் வேலி முழுக்க ஓடும், பூக்காது. நாட்டு ரகத்துக்குப் பகல் குறுக வேண்டும். ஆடியில் ஊன்றியது கார்த்திகை, மார்கழியில் பூத்து மாசி வரை காய்க்கும். வெண்டை, கொத்தவரை, பாகல், புடல் எல்லாம் ஆடியில் போட்டு மழைக்கு முன் எடுத்துவிடலாம். தக்காளியைச் சென்னை மழைக்குக் கொடுக்காதீர்கள், தையில் நடுங்கள். சித்திரை, வைகாசியில் பாதிப் பாத்திகளுக்கு ஓய்வு கொடுத்துத் தக்கைப்பூண்டு அல்லது தட்டைப்பயறு விதைத்து, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூக்கும்போது மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். அந்த இரண்டு மாதமும் ஊருக்குப் போகும் குடும்பங்கள் அதிகம், தண்ணீர் ஊற்ற ஆள் குறையும். பயிரையும் அதற்கேற்பக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

விதை எடுக்கும் வகுப்பு மாசி, பங்குனியில். தக்காளியின் விதையை அதன் கொழகொழப்போடு கண்ணாடிக் குவளையில் பிழிந்து ஒரு நாள், குளிர்ந்த பருவத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டால் மேலே நுரைத்து, நல்ல விதை அடியில் தங்கும். கழுவித் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள், காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். பூசணி வகைகள் ஒன்றோடொன்று மகரந்தம் கலக்கும். ஒரே தோட்டத்தில் இரண்டு ரகப் பூசணி இருந்தால் அந்த விதை என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பூச்சியும் கரைசலும்

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் போன்ற ஊட்டக் கரைசல் வகுப்புகளுக்குத்தான் கூட்டம் அதிகம். பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மண்ணில் மக்கு இல்லாத தோட்டத்தில் எந்தக் கரைசலும் பெரிதாகச் செய்வதில்லை என்பது எங்கள் கருத்து. ஆகவே உரக்குவியல் வகுப்புக்கு வந்தவர்களுக்கே இது. ஏக்கருக்கான ஜீவாமிர்த அளவு 200 லிட்டர். பன்னிரண்டு பாத்திக்கு 20 லிட்டரே அதிகம்: சாணி 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், ஒரு பிடி மண். நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கிளற வேண்டும், ஒரு வாரத்துக்குள் ஊற்றித் தீர்க்க வேண்டும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் வேம்பின் வீரியம் போகும், சோப்பு அதிகமானால் இலை கருகும்.

தெளிக்கும் முன் யார் பூச்சி, யார் நண்பன் என்று காட்டுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும்போது அதற்குள் இன்னொன்றும் வெள்ளையாக, மெழுகு இழைகளோடு இருக்கும். பார்த்தால் பெரிய மாவுப்பூச்சி மாதிரியே. குச்சியால் தொட்டால் வேகமாக ஓடும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. ஆர்வத்தில் இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது இதுதானே. கோவை வட்டாரத்தில் 2008 வாக்கில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை மருந்து அடக்கவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி நாலைந்து வாங்கி வைத்தால் இந்த வகுப்பு தானாக நடக்கும்.

வெண்டையில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது நச்சுயிரி, வெள்ளை ஈ பரப்புவது. கரைசல் எதுவும் அதைக் குணமாக்காது. நட்டவர் மனம் வருந்தினாலும் அன்றைக்கே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் வீட்டு வேலையும் இழுக்கும், முகம் சுளித்துப் போனவர் மறுபடி வரமாட்டார். பத்துப் பேருக்கு மண்வெட்டி 2, களைக்கொத்து 4, கடப்பாரை 1, அரிவாள் 1, செடி வெட்டும் கத்தரி 2, இரும்புச் சட்டி 4, பூவாளி 3 போதும். கைப்பிடியில் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டால் மூடாக்குக்குள் தொலையாது. வாசலில் கரும்பலகை. அன்றைய வேலைகளைக் கால் மணி நேரத் துண்டுகளாக எழுதுங்கள். "களை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் தொடமாட்டார்கள், "4-ஆம் பாத்தி களை" என்று எழுதினால் ஒருவர் எடுத்துக்கொள்வார். புதிதாக வந்தவரைப் பழகியவர் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள்.

செருப்பு வேண்டாம், மூடிய காலணி. சருகு மூட்டையில் கையைவிடாமல் கொட்டிவிட்டுத்தான் அள்ள வேண்டும். பாம்பைக் கண்டால் அடிக்காமல் விலகி நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது, எலிக் காய்ச்சல் வரும். துருப்பிடித்த இரும்பு குத்தினால் அன்றைக்கே டெட்டனஸ் தடுப்பூசி.

அறுவடைப் பங்கை விதைக்கும் முன்பே பேசி எழுதி வைத்துவிடுங்கள். பறித்த பின் பேசினால் மனஸ்தாபம்தான். வேலி ஓரத்துக் கறிவேப்பிலையும் முருங்கையும் தெருவுக்குச் சொந்தம், போகிறவர் வருகிறவர் ஒடித்துக்கொள்ளட்டும் என்று பலகையே வைத்துவிட்டால் உள்ளே பாத்தியில் கை வைப்பவர் குறைவார். உள்ளே விளைந்ததை எடை போட்டு நோட்டில் எழுதி, வார நாளில் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு முதல் பங்கு, அடுத்து அன்று வந்தவர்களுக்கு. ஞாயிறு மட்டும் வருகிறவர்கள் இதில் கோபித்துக்கொண்டது கிடையாது. அவர்களில் ஒருவர் இருவர் செவ்வாய்க்கிழமைக்குப் பெயர் கொடுப்பார்கள்.

கலையும் முன் டிரம் நிரம்பியதா, வலை கட்டியதா, கருவிகள் எண்ணிக்கை சரியா என்று ஒருவர் வாய்விட்டுப் படிக்க, ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நோட்டில் அந்த வாரத்துக்கான கிழமைப் பெயர்கள் எழுதியாக வேண்டும், ஒவ்வொரு கிழமைக்கும் ஒருவர், அவர் வர முடியாவிட்டால் யார் என்று இன்னொருவர். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். சாவி ஒன்று பூங்காக் காவலர் அண்ணனிடம், ஒன்று புதன்கிழமைக்காரரிடம்.